எளிய நீர்மங்களில் துகள் இயக்கம்: இயக்கவியற் கொள்கையும் மோதல்களின் நினைவும்

ஆய்வுச் சுருக்கம்

வளிமங்களுக்கென உருவான இயக்கவியற் கொள்கையை எளிய நீர்மங்களுக்கு விரிக்கும்போது, அதன் அடிப்படை எடுகோளாகிய மூலக்கூறு ஒழுங்கின்மை தளர்கிறது. இக்கட்டுரை திரவ ஆர்கானைச் சான்றாகக் கொண்டு, போல்ட்ஸ்மன், என்ஸ்காக் ஆகியோரின் கொள்கைகள் தரும் தன்விரவல் குணகத்தைக் கணக்கிட்டு, 1964இல் அனீசூர் ரஹ்மான் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தலின் முடிவுகளோடு ஒப்பிடுகிறது. என்ஸ்காக் கொள்கை ஆய்வக மதிப்புக்கு மிக அருகில் வரும் எண்ணைத் தந்தாலும், அணுவின் திசைவேகம் காலப்போக்கில் மாறும் விதத்தைத் தவறாகவே காட்டுகிறது என்பதும், ஒன்றுக்கொன்று எதிரான இருவகை நினைவு விளைவுகள் பெருமளவு ஈடாகிவிடுவதே எண்ணளவிலான பொருத்தத்திற்கு முதன்மைக் காரணம் என்பதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எளிய நீர்மம், இயக்கவியற் கொள்கை, தன்விரவல், திசைவேகத் தன்னொட்டுறவு, நினைவுச் சார்பு, திரவ ஆர்கான்.

முன்னுரை

இளநிலை இயற்பியல் பாடநூல்கள் பொருளின் மூன்று நிலைகளையும் சமமாக நடத்துவதில்லை. வளிமத்திற்கு இயக்கவியற் கொள்கை உண்டு. திண்மத்திற்குப் படிக அணிக்கோவையும் அதன் அதிர்வுகளும் உண்டு. நீர்மத்திற்கோ பரப்பு இழுவிசை, பாகுநிலை, பெர்னௌலி தேற்றம் என்று பேரளவுப் பண்புகளே கற்பிக்கப்படுகின்றன. நீர்மத்தினுள் ஓர் அணு எவ்வாறு நகர்கிறது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. எழுப்பப்படும் இடங்களிலும், நீர்மம் என்பது 'மிக அடர்ந்த வளிமம்' என்றோ 'குலைந்த படிகம்' என்றோ ஒரு தொடரில் கடந்து செல்லப்படுகிறது.

இவ்விரு விடைகளும் முற்றிலும் பிழையானவை அல்ல. முதல் விடையைப் பின்பற்றி எவ்வளவு தொலைவு செல்லலாம், எந்த இடத்தில் அது கைவிடுகிறது, கைவிடும் இடத்தை எதை அளந்து கண்டறிவது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். மூன்றாவது வினாவே இங்கு முதன்மை பெறுகிறது. ஒரு கொள்கை சரியான எண்ணைத் தருவதாலேயே அது சரியான கொள்கை ஆகிவிடாது என்பது எல்லோரும் ஒப்புக்கொள்வதுதான். எனினும் நீர்மங்களின் இயக்கவியற் கொள்கையில் இந்தச் சிக்கல் வழக்கத்திற்கு மாறான கூர்மையுடன் வெளிப்படுகிறது.

எளிய நீர்மம்

கோள வடிவமுடைய துகள்களால் ஆகி, அவற்றிடையே செயல்படும் விசை இடைத்தொலைவை மட்டுமே சார்ந்திருக்கும் நீர்மம் எளிய நீர்மம் எனப்படுகிறது. ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகிய மந்த வளிமங்களின் நீர்ம நிலை இதற்குச் சிறந்த சான்று. நீர் இவ்வகையில் அடங்காது. ஹைட்ரஜன் பிணைப்பின் திசைச்சார்பு அதைச் சிக்கலான நீர்மமாக்குகிறது. அன்றாட வாழ்வில் மிக எளியதாகத் தோன்றும் நீர்மம் இயற்பியலில் எளிய நீர்மம் அன்று என்பதை வகுப்பறையில் முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

ஆர்கான் அணுக்களுக்கிடையேயான நிலை ஆற்றலை லெனார்டு-ஜோன்ஸ் வடிவம் போதிய அளவு விவரிக்கிறது. அதில் இரண்டு அளபுருக்கள் உள்ளன. ஒன்று, அணுவின் விட்டமாகக் கொள்ளத்தக்க 3.4 ஆங்ஸ்ட்ராம், மற்றொன்று, கவர்ச்சிக் குழியின் ஆழம், வெப்பநிலை அலகில் 120 கெல்வின். தொலைவு குறையும்போது விலக்கு விசை மிகச் செங்குத்தாக உயர்வதால், அணுவை ஒரு கடினக் கோளமாகக் கருதுவது முதல் தோராயமாக ஏற்கத்தக்கது. நீர்மத்தில் அணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கைப் பெரும்பாலும் இந்த விலக்கு விசையே தீர்மானிக்கிறது. கவர்ச்சி விசை அவ்வமைப்பைச் சிதறாமல் ஒன்றாக வைத்திருக்கும் பின்புலமாக அமைகிறது.

அமைப்பு பற்றிய செய்தி எக்ஸ் கதிர், நியூட்ரான் சிதறல்களிலிருந்து கிடைக்கிறது. இத்துறைக்குக் கொல்கத்தாவில் ச.வெ. இராமனும் க.ரா. இராமநாதனும் 1923இல் வெளியிட்ட நீர்மங்களின் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு பற்றிய ஆய்வு தொடக்ககாலப் பங்களிப்புகளுள் ஒன்று. எனினும் அமைப்பை அறிவது வேறு; அவ்வமைப்பினூடே துகள் நகர்வதை அறிவது வேறு.

வளிமக் கணக்கு நீர்மத்தில்

1872இல் போல்ட்ஸ்மன் அமைத்த சமன்பாடு, மோதவிருக்கும் இரு மூலக்கூறுகளின் திசைவேகங்களுக்கிடையே முன்தொடர்பு ஏதும் இல்லை என்னும் எடுகோளை நம்பியுள்ளது. இதுவே மூலக்கூறு ஒழுங்கின்மை. மோதியபின் இரண்டும் பிரிந்து வெவ்வேறு திசைகளில் நெடுந்தொலைவு சென்று, வெவ்வேறு மூலக்கூறுகளுடன் மோதும். எனவே முதல் மோதலின் தடயம் கூட்டத்தில் கரைந்துவிடும். இந்த வாதம் வளிமத்திற்கு எவ்வளவு பொருந்துகிறது, நீர்மத்திற்கு எவ்வளவு பொருந்தவில்லை என்பதை எண்களால் பார்ப்பதே தெளிவு தரும்.

0 செல்சியஸ் வெப்பநிலையிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் உள்ள ஆர்கான் வளிமத்தில் அணுக்களின் சராசரி இடைவெளி ஏறத்தாழ 33 ஆங்ஸ்ட்ராம். சராசரி மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 720 ஆங்ஸ்ட்ராம். அதாவது அணுவின் விட்டத்தைப்போல் 200 மடங்குக்கு மேல். இப்போது 94.4 கெல்வினில், கன சென்டிமீட்டருக்கு 1.374 கிராம் அடர்த்தியுள்ள திரவ ஆர்கானை எடுத்துக்கொள்வோம். இந்நிலையைத் தேர்ந்ததன் காரணம் பின்னர் விளங்கும். இங்குச் சராசரி இடைவெளி 3.6 ஆங்ஸ்ட்ராம்; அணுவின் விட்டமோ 3.4. வளிமத்தின் வாய்பாட்டை அப்படியே பயன்படுத்தினால் சராசரி மோதலிடைத் தூரம் 0.94 ஆங்ஸ்ட்ராம் என வருகிறது. விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத இந்தத் தொலைவைக் கடந்தபின் ஓர் அணு தன் முந்தைய மோதலை மறந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. தான் மோதிய அண்டை அணு இன்னும் அருகிலேயே இருக்கிறது; அந்த அண்டை அணுவும் தன் பின்னால் உள்ளவற்றால் தடுக்கப்பட்டு நிற்கிறது.

இவ்வாறிருக்க, போல்ட்ஸ்மன் சமன்பாட்டிலிருந்து பெறப்படும் தன்விரவல் குணகத்தை இவ்வடர்த்திக்குக் கணக்கிட்டால் என்ன கிடைக்கும்? இக்கட்டுரையில் விரவல் குணகங்கள் யாவும் வினாடிக்கு 10⁻⁵ சதுர சென்டிமீட்டர் என்னும் அலகில் தரப்படுகின்றன. அந்த அலகில் விடை 12.4. கீழே காணவிருக்கும் உண்மையான மதிப்பைவிட இது நான்கு மடங்குக்கு மேல் அதிகம். அணு உண்மையில் நகர்வதைவிட மிக எளிதாக நகர்வதாகப் போல்ட்ஸ்மன் கணக்கு காட்டுகிறது.

என்ஸ்காக்கின் திருத்தம்

சுவீடனின் டேவிட் என்ஸ்காக் 1922இல் அடர்ந்த வளிமங்களுக்கெனச் செய்த திருத்தம் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. கடினக் கோளங்கள் நெருக்கமாக இருக்கும்போது, ஒவ்வொன்றும் இடத்தை அடைத்துக்கொள்வதால், இரு கோளங்கள் தொட்டுக்கொள்ளும் நிலையில் காணப்படும் நிகழ்தகவு உயர்கிறது. எனவே மோதல் வீதத்தை ஒரு காரணியால் பெருக்கவேண்டும். அக்காரணி, தொடுதொலைவில் ஆரவழிப் பரவல் சார்பு பெறும் மதிப்பே. அதோடு, மோதும் இரு கோளங்களின் மையங்கள் ஒரே புள்ளியில் இல்லை என்பதையும் என்ஸ்காக் கணக்கில் கொண்டார். உந்தமும் ஆற்றலும் மோதலின்போது ஒரு விட்டத் தொலைவு தாவுகின்றன. பாகுநிலைக்கும் வெப்பங்கடத்தலுக்கும் இது இன்றியமையாதது. தன்விரவலுக்கோ மோதல் வீதக் காரணி ஒன்றே போதும்.

மேற்கண்ட திரவ ஆர்கானில் கோளங்கள் அடைக்கும் கனஅளவு மொத்தத்தில் 0.426 பங்கு. இதற்குக் கார்னஹன்-ஸ்டார்லிங் வாய்பாடு தரும் தொடுமதிப்பு ஏறத்தாழ 4.2. அதாவது அணு மோதும் வீதம் போல்ட்ஸ்மன் எண்ணியதைவிட நான்கு மடங்குக்குமேல். சராசரி மோதலிடைத் தூரம் 0.23 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்குகிறது. இரு மோதல்களுக்கிடையேயான நேரம் ஏறத்தாழ 0.1 பைக்கோ வினாடி. தன்விரவல் குணகம் 12.4 / 4.16, அதாவது 2.98.

என்ஸ்காக் திருத்தியது மோதல்களின் எண்ணிக்கையை மட்டுமே என்பதை இவ்விடத்தில் கருத்திற் கொள்ளவேண்டும். மோதல்களுக்கிடையே தொடர்பின்மை என்னும் எடுகோளை அவர் தொடவில்லை. நெரிசலான சந்தையில் நடப்பவர் அடிக்கடி இடிபடுகிறார் என்பதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் புதிய ஒருவர்மீதே இடிக்கிறார் என்று கருதுவதைப் போன்றது இது.

ரஹ்மானின் 864 அணுக்கள்

ஹைதராபாத்தில் 1927இல் பிறந்த அனீசூர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 1964இல் செய்த கணிப்பு நீர்மங்கள் பற்றிய ஆய்வின் போக்கையே மாற்றியது. (ஆய்வகத்தின் பெயரும் தனிமத்தின் பெயரும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவது தற்செயல், மூலமொழியில் அவை வேறு சொற்கள்.) அவர் 864 அணுக்களை ஒரு கனசதுரப் பெட்டியில் இட்டு, லெனார்டு-ஜோன்ஸ் விசையின்கீழ் அவற்றின் நியூட்டன் சமன்பாடுகளை 10⁻¹⁴ வினாடிப் படிகளில் சிடிசி 3600 கணினியால் தீர்த்தார். தேர்ந்த நிலை 94.4 கெல்வின், 1.374 கிராம் அடர்த்தி. மேற்கண்ட கணக்குகளுக்கு இந்நிலை தேர்ந்தெடுக்கப்பட்டது இதனால்தான். பெட்டியின் பக்கம் ஏறத்தாழ 35 ஆங்ஸ்ட்ராம். பெட்டியின் ஒரு முகத்தின் வழியே வெளியேறும் அணு எதிர்முகத்தின் வழியே உள்ளே வரும்.

அவர் பெற்ற தன்விரவல் குணகம் 2.43. இது ஆய்வக மதிப்பைவிட 15 விழுக்காடு குறைவு என்று அவரே குறித்துள்ளார். ஆகவே அந்நிலைக்குரிய ஆய்வக மதிப்பு ஏறத்தாழ 2.86 ஆகிறது.

இப்போது மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆய்வக மதிப்பு 2.86. நியூட்டன் விதிகளை அணு அணுவாகத் தீர்த்த கணினி தருவது 2.43. அண்டை அணுக்களின் தொடர்பையெல்லாம் புறக்கணித்த என்ஸ்காக் வாய்பாடு தருவது 2.98. விரவல் குணகம் என்னும் ஒற்றை எண்ணால் மட்டும் தீர்ப்பளிப்பதானால், 1922ஆம் ஆண்டின் தோராயம் 1964ஆம் ஆண்டின் முழுக்கணிப்பை வென்றுவிடுகிறது. ஆய்வக மதிப்பிலிருந்து அதன் விலகல் 4 விழுக்காடே.

இப்பொருத்தத்தை ஐயுறுவதற்கு முதற்காரணம் விட்டத்தின் தேர்வு. ஆர்கான் அணு உண்மையில் கடினக் கோளம் அன்று. அதன் பயனுறு விட்டம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். விட்டத்தை 3.4க்கு மாறாக 3.33 ஆங்ஸ்ட்ராம் எனக் கொள்வதற்கும் நல்ல நியாயம் உண்டு. பார்க்கர்-ஹெண்டர்சன் முறை ஏறத்தாழ அம்மதிப்பையே தருகிறது. விட்டம் 2 விழுக்காடு குறைந்தால், என்ஸ்காக் விரவல் குணகம் 3.5 ஆக உயர்ந்து, விலகல் 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. உள்ளீட்டின் சிறு மாற்றத்திற்கு இவ்வளவு அசையும் எண்ணை ஒரு கொள்கையின் உரைகல்லாகக் கொள்வது இடருடையது.

பரப்பும் வடிவமும்

இரண்டாம் காரணம் ஆழமானது. கிரீன் 1954இலும் கூபோ 1957இலும் நிறுவியபடி, விரவல் குணகம் என்பது திசைவேகத் தன்னொட்டுறவுச் சார்பைக் காலத்தின்மீது தொகையிட்டுப் பெறுவது. ஓர் அணுவின் இப்போதைய திசைவேகத்திற்கும் சிறிது நேரம் கழித்து அதற்கிருக்கும் திசைவேகத்திற்கும் சராசரியாக எவ்வளவு தொடர்பு எஞ்சியிருக்கிறது என்பதை இச்சார்பு சொல்கிறது. அதன் வரைகோட்டின்கீழ் உள்ள பரப்பே விரவல் குணகத்தைத் தருகிறது. முற்றிலும் மாறுபட்ட வடிவமுள்ள இரு வரைகோடுகளின்கீழ் ஒரே பரப்பு அமையலாம்.

என்ஸ்காக் கொள்கைப்படி இவ்வரைகோடு ஓர் எளிய படிக்குறித் தேய்வு. மோதல்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒவ்வொரு மோதலும் பழைய திசைவேகத்தின் ஒரு பங்கை அழிக்கும். எஞ்சியது சீராகத் தேயும். தேய்வுக் காலம் 0.15 பைக்கோ வினாடி. வரைகோடு சுழியை நெருங்குமேயன்றி அதைக் கடந்து கீழிறங்காது.

ரஹ்மானின் வரைகோடு அவ்வாறில்லை. அது ஏறத்தாழ 0.3 பைக்கோ வினாடியில் சுழியைக் கடந்து எதிர்மதிப்புக்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறிச் சுழியை அணுகுகிறது. எதிர்மதிப்பின் பொருள், அணு சராசரியாகத் தான் வந்த திசையில் திரும்பிச் செல்கிறது என்பதே. அதிர்வெண் வழியாகப் பார்த்தாலும் இதே வேறுபாடு தெரிகிறது. படிக்குறித் தேய்வின் அலைமாலை சுழி அதிர்வெண்ணில் உச்சம் பெறும். ரஹ்மான் கண்ட அலைமாலையோ சுழியிலிருந்து விலகி, ஏறத்தாழ 2 பைக்கோ வினாடி அலைவுக்காலத்திற்கு ஒத்த இடத்தில் அகன்ற உச்சம் காட்டியது. நீர்ம அணு சிறிது நேரம் திண்ம அணுவைப்போல் அலைவுறுகிறது.

இடப்பெயர்ச்சியின் பரவலும் இதையே உறுதி செய்கிறது. தொடர்பற்ற அடிகளால் ஆன இயக்கத்தில் இப்பரவல் காஸ் வடிவம் பெறும். ரஹ்மானின் கணிப்பில் அப்பரவல் ஏறத்தாழ 3 பைக்கோ வினாடியில் காஸ் வடிவிலிருந்து மிகுதியாக விலகி, 10 பைக்கோ வினாடியில் மீண்டும் காஸ் வடிவை அடைந்தது. அவருடைய விரவல் குணகத்தைக் கொண்டு மதிப்பிட்டால், 10 பைக்கோ வினாடியில் அணு கடந்திருக்கும் தொலைவு ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம், ஒரு விட்டத்தைவிடச் சற்றே மிகுதி. தன் இடத்தைவிட்டு ஒரு விட்டத் தொலைவு பெயர்ந்தபிறகே அணு பழைய அண்டை அணுக்களை மறக்கத் தொடங்குகிறது. அதற்குள் அது நூறு முறையளவு மோதியிருக்கும். வளிமத்தில் ஒரு மோதலுக்குப் பின் நிகழும் மறதிக்கு நீர்மத்தில் இத்தனை மோதல்கள் தேவைப்படுகின்றன.

கூண்டும் சுழலும்

நினைவு விளைவு இருவகைப்படும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செயல்படுவதே என்ஸ்காக் எண்ணின் பொருத்தத்திற்கு விளக்கம்.

முதலாவது கூண்டு விளைவு. அணுவைச் சூழ்ந்துள்ள அண்டை அணுக்கள் அதை நெருக்கமாக அடைத்திருப்பதால், முன்னே சென்று மோதிய அணு பின்னே தள்ளப்பட்டு, பின்னாலிருக்கும் அண்டை அணுவின்மீது மீண்டும் மோதுகிறது. ஒரே துணைகளோடு நிகழும் இம்மீள்மோதல்கள் விரவலைக் குறைக்கின்றன. வரைகோட்டின் எதிர்மதிப்புப் பகுதி இதன் விளைவு.

இரண்டாவது விளைவை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆல்டரும் வெயின்ரைட்டும் 1960களின் இறுதியில் கடின வட்டுகளையும் கோளங்களையும் கணினியில் ஆராய்ந்தபோது, திசைவேகத் தொடர்பு நெடுநேரத்திற்குப் பின் படிக்குறியாகத் தேயாமல், முப்பரிமாணத்தில் காலத்தின் 3/2 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மிக மெதுவாகத் தேய்வதை 1970இல் காட்டினர். காரணம் நீர்மவியல் சார்ந்தது. முன்னே செல்லும் அணு தனக்கு முன்னுள்ள அணுக்களைத் தள்ளுகிறது. அவை பக்கங்களில் விலகிச் சுற்றிவந்து, பின்னாலிருந்து அதே அணுவை முன்னோக்கித் தள்ளுகின்றன. அணுவின் இருபுறமும் தோன்றும் இச்சுழல் அதன் தொடக்க உந்தத்தைக் காத்துவைத்து, பாகுநிலையால் அகன்று கரையும்வரை சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறது. இது விரவலைக் கூட்டும் நினைவு.

அணுவளவிலேயே நீர்மவியல் இவ்வாறு தலைகாட்டுவது ஏன்? 90 கெல்வினில் திரவ ஆர்கானின் பாகுநிலை ஏறத்தாழ 0.24 மில்லி பாஸ்கல் வினாடி. இதை அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது உந்தம் பரவும் குணகம். இது துகள் பரவும் குணகத்தைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு. நீர்த்த வளிமத்தில் இவ்விகிதம் 1க்கு அருகில் இருக்கும். அங்கு உந்தத்தைச் சுமந்து செல்வது துகளே. நீர்மத்தில் துகள் கூண்டுக்குள் நின்றுகொண்டிருக்க, உந்தம் மட்டும் அண்டைக்கு அண்டை கைமாறி விரைந்து பரவுகிறது. 1 பைக்கோ வினாடியில் அது 4 ஆங்ஸ்ட்ராம் அளவு பரவிவிடும். ஆகவே அணுவைச் சுற்றி ஒரு பாய்வு உருவாவதற்கு அணு தன் இடத்தைவிட்டு நகரவேண்டியதே இல்லை.

வாலின் உயரம் மிகச் சிறிது. கொள்கை தரும் வாய்பாட்டில் மேற்கண்ட எண்களை இட்டால், 5 பைக்கோ வினாடியில் தன்னொட்டுறவு தொடக்க மதிப்பின் 0.001 பங்குக்கும் குறைவு. ஆயினும் அது அவ்வளவு மெதுவாகத் தேய்வதால், 5 பைக்கோ வினாடிக்கு அப்பாற்பட்ட வாலின் பரப்பு மட்டும் விரவல் குணகத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தருகிறது. இரு பரிமாணத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்கு வால் காலத்திற்கு எதிர்விகிதத்தில் தேய்வதால் பரப்பு மடக்கை வடிவில் முடிவின்றி வளர்கிறது. விரவல் குணகம் என்னும் கருத்தே அங்கு அதன் வழக்கமான பொருளை இழக்கிறது.

கடினக் கோளங்களுக்குக் கணினியில் பெற்ற விரவல் குணகத்தை என்ஸ்காக் மதிப்பால் வகுத்தால், நடுத்தர அடர்த்திகளில் அவ்விகிதம் 1க்கு மேல் உயர்கிறது. சுழல் மேலோங்கும் பகுதி அது. உறைநிலையை நெருங்குகையில் விகிதம் 1க்குக் கீழே விரைந்து வீழ்கிறது. அங்குக் கூண்டு மேலோங்குகிறது. ரஹ்மான் தேர்ந்த ஆர்கானின் அடர்த்தி இவ்விரு பகுதிகளுக்கும் இடைப்பட்டது. என்ஸ்காக் எண் அங்குப் பொருந்துவதற்குக் காரணம் நினைவு இல்லாமை அன்று. இருவகை நினைவுகள் ஏறத்தாழ ஈடாவதே. பாகுநிலைக்கு இத்தகைய ஈடு கிடைப்பதில்லை. உறைநிலை அருகே கடினக் கோளங்களின் பாகுநிலை என்ஸ்காக் மதிப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்காக உள்ளது. ஒரே கொள்கை ஒரே நீர்மத்தில் ஒரு பண்பைச் சரியாகவும் மற்றொன்றைப் பாதியாகவும் தருமானால், சரியாகத் தந்ததையும் மீண்டும் ஆராயவேண்டியுள்ளது.

அடர்த்தி விரிவின் முறிவு

மோதல்களின் தொடர்பைப் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டால் என்ன என்னும் எண்ணம் இயல்பானது. சமநிலைப் பண்புகளில் இவ்வழி வெற்றி பெற்றது. அழுத்தத்தை அடர்த்தியின் அடுக்குகளாக விரிக்கும் விரியல் தொடர் அதற்குச் சான்று. கடத்துப் பண்புகளுக்கும் அவ்வாறே இரு துகள், மூன்று துகள், நான்கு துகள் மோதல்கள் எனத் தொடர் அமைக்க முயன்றபோது, 1960களின் நடுவில் டார்ஃப்மனும் கோஹனும், வேறு சிலர் தனித்தும், அத்தொடர் உடைவதைக் கண்டனர். முப்பரிமாணத்தில் அடர்த்தியின் இரண்டாம் அடுக்குக்குரிய குணகம் முடிவிலியாகிறது. மிகத் தொலைவில் உள்ள துகள்கள்கூட வளையமாகத் தொடரும் மோதல்களால் இணைக்கப்படுவதே காரணம். உண்மையில் சராசரி மோதலிடைத் தூரத்திற்கு அப்பால் இவ்வளையங்கள் பிற துகள்களால் அறுக்கப்படும். அதைச் சேர்த்துக்கொண்டால் முடிவிலி நீங்கும். ஆனால் தொடரில் அடர்த்தியின் மடக்கை வந்து நுழைகிறது. ஆல்டரும் வெயின்ரைட்டும் கண்ட நெடுவாலும் இதே வளைய மோதல்களின் மற்றொரு முகம் என்பது 1970இல் தெளிவானது.

நினைவுச் சார்பு

பிரௌனியன் இயக்கத்திற்கு லாஞ்ஜவின் 1908இல் எழுதிய சமன்பாட்டில் உராய்வு உடனடியானது. இக்கணத்தின் திசைவேகமே இக்கணத்தின் தடையைத் தீர்மானிக்கும். சென்னையில் பயின்ற சு. சந்திரசேகர் 1943இல் எழுதிய புகழ்பெற்ற மீள்பார்வைக் கட்டுரை இச்சமன்பாட்டின் கணிதத்தை முழுமையாக விளக்குகிறது. நீரில் மிதக்கும் அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகளின் உந்தம் தேய 5 × 10⁻⁸ வினாடியளவு ஆகும். அதற்குள் நீர் மூலக்கூறுகள் பல்லாயிரக்கணக்கில் மோதி முடித்திருக்கும். ஆகவே உடனடி உராய்வு என்னும் கருத்து அங்கு நியாயமானது. ஆர்கான் நீர்மத்தில் குறிக்கப்பட்ட அணுவும் அதன் அண்டை அணுக்களும் ஒரே நிறையுடையன. ரஹ்மானின் விரவல் குணகத்திலிருந்து பெறப்படும் உந்தத் தேய்வுக் காலம் 0.12 பைக்கோ வினாடி. மோதல் இடைவேளையோ 0.1. கால அளவுகள் பிரிந்து நிற்கவில்லை.

இதற்கு சுவான்சிக், மோரி ஆகியோர் 1960களில் அமைத்த பொதுமைப்படுத்திய லாஞ்ஜவின் சமன்பாடு இடமளிக்கிறது. அதில் இக்கணத்தின் தடை, கடந்தகாலத் திசைவேகங்கள் அனைத்தையும் சார்ந்தது. எவ்வளவு பழைய திசைவேகம் எவ்வளவு எடை பெறும் என்பதை நினைவுச் சார்பு வகுக்கிறது. இச்சமன்பாடு துல்லியமானது, அதனாலேயே தனித்து எதையும் விளக்குவதில்லை. அறியாமை முழுவதும் நினைவுச் சார்புக்குள் இடம்பெயர்கிறது, அவ்வளவே. இயற்பியல் அச்சார்பைக் கட்டமைக்கும்போதுதான் தொடங்குகிறது. என்ஸ்காக் கொள்கை, நினைவுச் சார்பு சுழி நேரத்தில் ஒரு கூர்முனையாக நின்று உடனே மறைவதற்குச் சமம்.

லெவெஸ்கும் வெர்லேயும் 1970இல் கணினித் தரவுகளிலிருந்து நினைவுச் சார்பைப் பிரித்தெடுத்தபோது, முந்நிலைப் புள்ளிக்கு அருகில் அது இரு பகுதிகளாக இருப்பது தெரிந்தது: விரைந்து தேயும் ஒரு பகுதி, அதைத் தொடரும் தாழ்ந்த நீண்ட வால். ஷோக்ரனும் ஷோலாண்டரும் 1979இல் இவ்விரண்டுக்கும் இயக்கவியற் கொள்கை வழியே பொருள் கொடுத்தனர். விரைந்த பகுதி தனித்த இருதுகள் மோதலுக்குரியது. நீண்ட பகுதி மீள்மோதல்களுக்குரியது. அது அணு தன் சூழலின் கூட்டு இயக்கங்களோடு கொள்ளும் பிணைப்பால் விளைகிறது. அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளோடு கொள்ளும் பிணைப்பு தடையைக் கூட்டும், இது கூண்டு. குறுக்குப் பாய்வோடு கொள்ளும் பிணைப்பு தடையைக் குறைக்கும், இது சுழல். முன்பகுதியில் உருவகமாகச் சொல்லப்பட்ட இரண்டும் இங்கு எதிரெதிர்க் குறிகளுடைய இரு உறுப்புகளாகச் சமன்பாட்டிலேயே இடம்பெறுகின்றன. இவ்வகைப் பிணைப்புக் கொள்கையே 1984இல் கண்ணாடி நிலைமாற்றத்தின் ஆய்வுக்கும் அடித்தளமானது. கூண்டு திறக்கவே திறக்காத எல்லை அது.

பெட்டியின் அளவும் ஓர் உள்ளீடு

ரஹ்மானின் மதிப்பு ஆய்வக மதிப்பைவிடக் குறைவாக அமைந்ததற்கு லெனார்டு-ஜோன்ஸ் விசையின் குறையையே காரணமாகக் கருதத் தோன்றும். சுழல் நினைவை அறிந்தபின் வேறொரு காரணமும் புலப்படுகிறது. 35 ஆங்ஸ்ட்ராம் பெட்டியில், அணு எழுப்பும் பாய்வு விரிந்து கரைய இடமில்லை. அது எதிர்முகத்தின் வழியே நுழைந்து அதே அணுவைத் தடுக்கிறது. ஒலியலை அப்பெட்டியைக் கடக்க ஏறத்தாழ 4 பைக்கோ வினாடி போதும். இதற்கான திருத்தத்தை டியூன்வெக்கும் கிரெமரும் 1993இலும், யே, ஹம்மர் ஆகியோர் 2004இலும் தந்தனர். அவர்களது வாய்பாட்டில் மேற்கண்ட பாகுநிலையை இட்டால், ரஹ்மானின் 2.43 ஏறத்தாழ 2.67 ஆகிறது. விலகலின் பாதிக்கு மேல் பெட்டியால் வந்தது. கணினி உருவகப்படுத்தலில் பெறப்படும் விரவல் குணகத்தைப் பெட்டியின் அளவைக் குறிப்பிடாமல் வெளியிடுவது இன்றும் சில கட்டுரைகளில் காணப்படுகிறது. கொள்கையோடு ஒப்பிடும் நோக்கத்திற்கு அத்தகைய எண் பயன்படாது.

ஆர்கானிலிருந்து ருபிடியத்திற்கு

ஆர்கானுக்குக் கடினக் கோளம் ஓரளவு பொருந்தியதால், மோதல் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று ஏறத்தாழவேனும் சொல்ல முடிந்தது. திரவ ருபிடியம் போன்ற கார உலோகங்களிலோ அயனிகளுக்கிடையேயான விலக்கு விசை மிக மென்மையானது. ஓர் அயனி எந்நேரமும் பல அண்டை அயனிகளின் விசைக்குள் ஒருங்கே இருக்கிறது. தனித்த மோதல் என்று எதையும் எண்ணிக் காட்ட இயலாது. காப்ளியும் ரோவும் 1974இல் திரவ ருபிடியத்தில் நியூட்ரான் சிதறலை அளந்தபோது, அணுவிடைத் தொலைவுக்குச் சற்றே மிகுந்த அலைநீளம்வரை கூட்டு அலைவின் தனித்த உச்சங்கள் தென்பட்டன. அதே ஆண்டில் ரஹ்மானின் கணிப்பும் அவற்றைக் காட்டியது. ஆர்கானில் ஒத்த அலைநீளப் பகுதியில் அத்தகைய உச்சங்கள் காணப்படவில்லை. ருபிடியத்திற்கும் ஒரு பயனுறு விட்டத்தைப் பொருத்தி, என்ஸ்காக் வாய்பாட்டால் விரவல் குணகத்தை ஆய்வக மதிப்புக்கு இணையாக்கிவிடலாம். அவ்வாறு பெற்ற விட்டத்தைக் கொண்டு திசைவேகத் தன்னொட்டுறவை வரைந்தால் மீண்டும் சீரான தேய்வே கிடைக்கும். நியூட்ரான் அளவீட்டில் தெரியும் அலைவுக்கு அதில் இடமிராது.